ஈமுவும் மாமாவின் கட்டைவிரலும்

ஒரு வெள்ளிக்கிழமை காலை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்த செய்தித்தாளின் மேல் அந்தத் தோல் கிடந்தது. சாயம் ஏற்றாத, வெளிறிய தோல். நடுவில் அகன்று இரண்டு பக்கமும் குறுகிப் போயிருந்தது. மேலெல்லாம் சின்னச் சின்ன மேடுகள், சில இடங்களில் நெருக்கமாக, சில இடங்களில் விலகி. குளிரில் கை சிலிர்த்தால் தெரியுமே, அந்த மாதிரி இருந்தது. இட்லித் தட்டோடு வந்த என் மாமியார் அப்படியே நின்றுவிட்டார். "சாப்புட்ற எடத்துல இன்னாத்த கொண்டாந்து போட்டுக்கிறாரு பாரு உங்க மாமா!" மாமா அதைக் காதிலேயே வாங்கவில்லை. என்னைப் பார்த்து, "தொட்டுப் பாரும்மா, எப்டி இருக்குது?" என்றார். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவசரமாகத் தொட்டுவிட்டு, "மேடு மேடா இருக்குது மாமா" என்றேன். "அதான். அதெல்லாத்தையும் எடுத்துடணும்" என்று சொல்லிவிட்டுத் தோலைச் சுருட்டினார்.

மாமா என்று நான் சொல்வது என் கணவரின் அப்பாவை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் ஃபினிஷிங் பிரிவு முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. ஊருக்கெல்லாம் அவர் மாஸ்டர். கோபம் வந்தால் என் மாமியாரே "போய் உங்க மாஸ்டரக் கேளு" என்பார். டிரம்மில் ஊறிப் பதமாகிக் காய்ந்து வரும் தோலுக்குக் கடைசியாகச் செய்யும் வேலைதான் ஃபினிஷிங். ஆடு உயிரோடு இருந்தபோது முள் கீறியது, உண்ணி கடித்தது, அம்மை போட்டது, வேலிக் கம்பி கிழித்தது எல்லாம் தோலில் அப்படியே இருக்கும். அதை மெஷினில் தேய்த்து, மேலே பூசி, சூடான தகட்டில் அழுத்தி, அந்த ஆட்டுக்கு வாழ்நாளில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆக்கிக் கொடுப்பார் மாமா. கடைசியில் கட்டைவிரலை வைத்துக் கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரே இழுப்பு. "போலாம்" என்றால் அந்தத் தோல் போகும். "இல்ல" என்றால் மறுபடி மெஷினுக்கு. அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அங்கே பேச்சில்லை.

அந்தக் கட்டைவிரல் வீட்டிலும் சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகை வந்தால் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பதற்கு முன்னால் அட்டையைத் தடவிப் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு வெள்ளை அடிக்க வந்தவர், மாமா வேலைக்குப் போன பிறகுதான் பட்டி பார்ப்பேன் என்று கண்டிஷன் போட்டார். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவள் யார் ஜாடை என்று பேசிக்கொண்டிருக்க, இவர் அவள் கன்னத்தில் கட்டைவிரலை வைத்து மெல்ல இழுத்து, "ஃபர்ஸ்ட் குவாலிட்டி" என்றார். நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றெடுத்தவள் நான், தரம் பார்த்துச் செலக்‌ஷன் போடுவது இவரா என்று இருந்தது. ஆனால் இன்றைக்கும் என் மகளைக் கொஞ்ச வேண்டுமென்றால் எனக்கு அந்த வார்த்தைதான் வருகிறது.

அந்த விரல் மரத்துப் போகிறது என்பது எனக்குத் தெரியவந்தது ஒரு பால் பாத்திரத்தால். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற மாமா சட்டென்று மூடியை எடுத்தார். எடுத்தவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டே, அன்றைக்கு பஸ் ஏன் லேட் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் அலறினேன். மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சத்தமில்லாமல் கீழே வைத்தார். கட்டைவிரலில் கொப்புளம் எழும்பியிருந்தது. "சுட்லியா மாமா?" என்றேன். "சுட்டுது" என்றார். மாமியார் கோயிலுக்குப் போன பிறகு தானாக வந்து சொன்னார். "மரத்துப்போச்சிம்மா. சக்கரையாலதானாம். மத்த வெரல்ல கம்மி, இதுலதான் ஜாஸ்தி. யார்கிட்டயும் சொல்லாத. உங்க வீட்டுக்காரன்கிட்ட கூட. தெரிஞ்சிச்சின்னா ஒக்கார வெச்சிடுவாங்க."

உட்கார வைப்பது என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாரும் விளக்க வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் உண்டு. வேலையிலிருந்து நின்ற டேனரி ஆட்கள் காலையிலிருந்து அங்கே உட்கார்ந்திருப்பார்கள். போகிற வருகிற தோல் லாரியைப் பார்த்து, இது எந்த ஊர்ச் சரக்கு, எந்த பாய் முதலாளியுடையது என்று வாசனையை வைத்தே சொல்வார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அந்த நாற்காலியைப் பார்த்தாலே மாமா சாலையின் எதிர்ப் பக்கத்துக்குப் போய்விடுவார். சம்பளத்துக்காக அல்ல. என் கணவர் சம்பாதித்தார், நானும் ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவில் சம்பாதித்தேன். தன் வாயிலிருந்து "போலாம்" என்ற சொல் வராத ஒரு நாளை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம். அதை நான் அன்று அடுப்படியில் அவர் முகத்தில் பார்த்தேன்.

பிறகுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே மாமா சட்டைப் பையில் தோல் துண்டுகளைப் போட்டுக்கொண்டு வருவார். சாயங்காலம் நான் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்ததும், "இது எப்டி இருக்குது பாரும்மா?" என்று நீட்டுவார். மருமகளும் தோல் வேலைதானே, பேசுவதற்கு ஒரு சாக்கு என்று நினைத்தேன். என்னைச் சோதிக்கிறாரோ என்றுகூட நினைத்து, ரொம்ப யோசித்து, "மேல வழவழன்னு இருக்குது மாமா, ஓரம் கொஞ்சம் பிடிக்குது" என்றெல்லாம் சொல்வேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். மறுநாள் டேனரியில் அதையே தன் தீர்ப்பாகச் சொல்லியிருக்கிறார். தெரிந்தபோது முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம், வீட்டில் இத்தனை பேர் இருக்க என் விரலை அவர் நம்பியிருக்கிறாரே என்று நினைத்ததும் அந்தக் கோபம் போய்விட்டது. அன்றிலிருந்து தெரிந்தே அந்த வேலையைச் செய்தேன். ஆனால் சட்டைப் பையில் வரும் துண்டுக்குத்தான் என் விரல். டேனரி மேசை மேல் குவிகிற தோலை அவர் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து, கண்ணை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஈமு எங்கள் பக்கம் வந்தது அந்தச் சமயத்தில்தான். அரக்கோணம் போகும் வழியிலும் திமிரிப் பக்கத்திலும் பண்ணை போர்டுகள் முளைத்தன. ஆள் உயரத்துக்கு ஒரு பறவை, நீளக் கழுத்து, பறக்கத் தெரியாது, கால் மட்டும் ஓட்டப்பந்தயக்காரன் கால். அதை என்னவென்று கூப்பிடுவது என்பதில்தான் ஊருக்குள் ஒற்றுமை இல்லை. போர்டில் ஈமு கோழி என்று எழுதியிருந்தது. என் மாமியார் அதை நெருப்புக்கோழி என்றார். நெருப்புக்கோழி ஆப்பிரிக்காவில் இருப்பது, இது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, இரண்டும் வேறு என்று நான் பாடப்புத்தகத்தை வைத்துச் சொன்னேன். "ரெண்டும் பறக்காதில்ல? அப்புறம் இன்னா வேற?" என்று முடித்துவிட்டார். மாமாவின் முதலாளியான பாயின் வீட்டில் அதை உருதுவில் சுத்துர்முர்க் என்றார்களாம், ஒட்டகப் பறவை என்று அர்த்தம். அதுவும் நெருப்புக்கோழியின் பெயர்தான். டேனரியில் டிரம் மேல் சாக்பீஸால் ஆடு, செம்மறி, கன்னு என்று எழுதுகிற இடத்தில் இதற்கு "கோழி" என்று எழுதிவிட்டார்கள். மாமா மட்டும் எந்தப் பெயரும் சொல்லவில்லை. "அது" என்பார்.

அந்தத் தோல்கள் வந்த கதை இதுதான். கறிக்கும் எண்ணெய்க்கும் போன பறவைகளின் தோலைத் திமிரிப் பக்கம் பண்ணை வைத்திருந்த ஒருவர் பாயிடம் கொண்டுவந்து கொடுத்தார். சென்னையில் கைப்பை செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு மேடம் அதைக் கேள்விப்பட்டு, சாம்பிள் வேண்டும் என்றார். நல்லா ஃபினிஷ் பண்ணிக் கொடுங்கள் என்று போனில் சொன்னாராம். பாய் அதை அப்படியே மாமாவிடம் சொன்னார். எங்கள் ஊரில் நல்ல ஃபினிஷ் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். கட்டைவிரல் எங்கேயும் தட்டாமல் போக வேண்டும்.

மாமா தன் வாழ்நாளில் அவ்வளவு பாடுபட்டு ஒரு வேலை செய்ததில்லை. வந்ததில் பாதித் தோலை எடுத்துக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது அதில் ஒன்றுதான். அந்த மேடுகள் ஆட்டுத் தோலின் வடு மாதிரி லேசில் போகிறவை இல்லை. தேய்க்கும் மெஷினில் உப்புக் காகிதத்தை மாற்றி மாற்றிப் போட்டார். கிழிந்துவிடும் என்று பயந்து கையாலேயே தேய்த்தார். பூச்சு கொடுத்தார், சூடான தகட்டில் அழுத்தினார், மறுபடி பூசினார். தினமும் சாயங்காலம் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு வரும். "இன்னும் தெரியுதாம்மா?" "லேசா தெரியுது மாமா." மறுநாள் மறுபடி. ஒருநாள் தொட்டுவிட்டு, "ஒண்ணுமே தெரியல மாமா" என்றேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. மாமியாருக்குப் பூ வாங்கி வந்துவிட்டார். பாயும் வந்து பார்த்து, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று மாமாவின் தோளைத் தட்டியிருக்கிறார். ஆம்பூரில் யாரிடம் கொடுத்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள், யார் பார்த்திருந்தாலும் இப்படித்தான் மெச்சியிருப்பார்கள்.

மேடம் வந்தார். கட்டைப் பிரித்தார். ஒரு தோலை எடுத்துத் திருப்பினார், இன்னொன்றையும் திருப்பினார். "இது ஆட்டுத் தோல், நான் கேட்ட பறவை எங்கே?" என்றார். இதுதான் பறவை என்று சொன்னபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். அந்த மேடுகளுக்காகத்தான் அந்தத் தோலையே வெளிநாட்டில் வாங்குகிறார்கள், அது இல்லாவிட்டால் ஆட்டுத் தோல் போதுமே என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, மிச்சம் இருப்பதையாவது சரியாகச் செய்யுங்கள் என்று கிளம்பிப் போனார். பாயால் பொறுக்க முடியவில்லை. "இன்னா மாஸ்டர்! கோழியக் கொண்டாந்து குடுத்தா ஆடா மாத்திக் குடுத்துட்டீங்களே!" கூட நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று தான் சொன்னது பாய்க்கு அப்போது நினைவில்லை.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. மாஸ்டருக்குக் கை போய்விட்டது என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. மேடு இருப்பதுகூடத் தெரியாமல் தேய்த்துவிட்டாராம் என்று டீக்கடை வரைக்கும் போனது. கொடுமை என்னவென்றால், அவருடைய கை போயிருந்தது உண்மை. ஆனால் இந்தத் தப்பு அந்தக் கையால் வந்ததில்லை. மேடு இருப்பது தெரிந்துதானே ராப்பகலாக மெனக்கெட்டார்? அதைச் சொல்லப் போனால் கையைப் பற்றிப் பேச்சு வளரும் என்று வாயை மூடிக்கொண்டார். ஆட்டுத் தோல் செலக்‌ஷனை வேறொருவரிடம் கொடுத்த பாய், "கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்க மாஸ்டர், இந்தக் கோழிய மட்டும் முடிச்சிக் குடுங்க" என்றார். மாமா வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், கூடத்து மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார். மாமியார் கூப்பிட்டதற்கு, "பேஜார் பண்ணாத" என்று மட்டும் பதில் வந்தது. எனக்கு அழுகையாக வந்தது. ஒன்றுமே தெரியல என்று சந்தோஷமாகச் சொன்னது என் விரல்தானே.

அடுத்த வாரம் அவராகவே எழுந்து வந்து, "வெள்ளிக்கெழம லீவு போட்றியாம்மா? அத ஒரு தடவ நேர்ல பாத்துட்டு வந்துடலாம்" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆயுள் முழுவதும் தோலோடு வாழ்ந்த மனிதர், ஆட்டை அவர் தேடிப் போய்ப் பார்த்ததில்லை. ஆடு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். இது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ளாமல் தோலில் கை வைத்ததுதான் தப்பு என்று அவரே கண்டுபிடித்திருந்தார். ஆற்காட்டில் பஸ் மாறி, திமிரியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போனோம். கம்பி வலை போட்ட நிலம். பண்ணைக்காரரும் அவர் மனைவியும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பறவைகள் கூட்டமாக ஓடி வந்து, வேலிக்கு மேலே கழுத்தை நீட்டி, கல்யாண வீட்டில் புது ஆளைப் பார்ப்பது போல் மேலும் கீழும் பார்த்தன. ஒன்று மாமாவின் சட்டைப் பொத்தானைக் கொத்தியது. இன்னொன்று அவருடைய மூக்குக் கண்ணாடிக்குக் குறி வைத்தது. "அது ஒண்ணும் பண்ணாதுங்க, பளபளன்னு இன்னா இருந்தாலும் அதுக்கு வேணும்" என்றார் அந்த அம்மாள். பல நாள் கழித்து மாமா சிரித்ததை நான் அங்கேதான் பார்த்தேன்.

அப்போது எங்கிருந்தோ ஆழத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. டும், டும் என்று நிதானமாக. மாமா திரும்பித் திரும்பிப் பார்த்தார். "எங்கியோ டிரம் ஓடுதும்மா." அது பெட்டை போடும் சத்தம், தொண்டையிலிருந்து வருவது என்று பண்ணைக்காரர் சொன்னார். எங்கள் டேனரி டிரம் சுற்றும் சத்தம் அப்படியே அதுதான். மாமா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, தொட்டுப் பார்க்கலாமா என்றார். பண்ணைக்காரர் ஒரு சேவலை வேலியோரம் அணைத்துப் பிடித்துக்கொண்டார். மாமா அதன் முதுகு இறகை விலக்கினார். இறகா முடியா என்று சொல்ல முடியாத மாதிரி தொங்குகிற இறகு. கீழே விழுந்து கிடந்த ஒன்றை எடுத்துக் காட்டினார் அந்த அம்மாள். ஒரே வேரிலிருந்து இரண்டு தண்டு, இரண்டும் ஒரே நீளம். "எல்லாமே ரெட்டைதாங்க. ஒரு மொளைக்கி ரெண்டு."

மாமா அந்த இறகை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அதை எடுத்துக் காட்டிச் சொன்னார். "ஆட்டுத்தோல்ல இருக்கற வடு ஆட்டுக்கு நடந்ததும்மா. முள்ளு, உண்ணி, கம்பி. அத எடுத்தா ஆட்டுக்கு நல்லது. இதுல ஒவ்வொரு மேட்லயும் ரெண்டு எறகு இருந்துக்குது. இது அதுக்கு நடந்தது இல்ல. அதேதான் அது. நான் போயி அத தேச்சி எடுத்துட்டேன்." கொஞ்சம் போன பிறகு, "ஈமு" என்று சொல்லிப் பார்த்தார், புதுச் சம்பந்தி வீட்டுப் பெயரைச் சொல்லிப் பழகுவது போல. நம் ஆட்கள் பார்த்திருந்தால் நாமும் ஒரு பெயர் வைத்திருப்போம் என்றார். ஆஸ்திரேலியாவின் பழைய குடிகள் தங்கள் தங்கள் மொழியில் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஈமு என்பது பிறகு கப்பலில் போனவர்கள் வைத்ததாம் என்று நான் எங்கேயோ படித்ததைச் சொன்னேன். "அப்போ அதுக்கும் சொந்தப் பேர் வேற இருக்குதுன்னு சொல்லு" என்றார். யாரும் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத மாஸ்டர் அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் டேனரியில் மிச்சமிருந்த தோல்களுக்குத் தேய்க்கும் மெஷினை ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். தகடும் வேண்டாம். பழுப்புச் சாயம் ஏற்றி, மேலே மெல்லிசாக ஒரு ஸ்பிரே மட்டும் கொடுத்து, துணியால் கையோடு மினுக்கினார். வேலை செய்கிறோமா, வேலை செய்யாமல் இருக்கிறோமா என்று கூட இருந்தவர்களுக்கே சந்தேகம். மாமாவுக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். கை தானாகத் தேய்க்கப் போகும், இழுத்துப் பிடித்துக்கொள்வேன் என்று சொன்னார். அந்த நாட்களில் சட்டைப் பையிலிருந்து எனக்கு எந்தத் துண்டும் வரவில்லை. கோபமோ என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் மறுபடி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாயின் டேனரிக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, எங்கள் கம்பெனிக்கு ஞாயிறு. அதனால் மாமாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நான் போயிருந்தேன். ஜன்னலோர மேசையில் தோல்கள் அடுக்கியிருந்தன. பார்த்ததும் மேடத்துக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு பைக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி மேடு வர வேண்டும், ஜோடி சேர்த்துத் தர முடியுமா என்றார். பாய் மாமாவைத் தயக்கத்தோடு பார்த்தார். கண்ணால் ஓட்டுகிற வேலை இல்லை இது. பழுப்பு மினுக்கலில் மேடெல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். மேசையருகே போய் நின்று, எப்படியாவது நான் தொட்டுச் சைகை காட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமா கட்டைவிரலைத் தோலின் கழுத்துப் பக்கம் வைத்து இழுத்தார். நடுவில் நின்றது. விரலைத் திரும்பக் கொண்டுபோய் மறுபடி இழுத்தார். வெளிச்சத்தில் சாய்க்கவில்லை. குனிந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த தோல், அதற்கடுத்த தோல். நெருக்கமானது ஒரு பக்கம், விலகியது ஒரு பக்கம், இரண்டும் கலந்தது இன்னொரு பக்கம் என்று அவர் கை போகப் போக வேகமெடுத்தது. பழைய வேகம். மேடம் ஜோடியை எடுத்து வைத்துப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசித் தோலை வைத்த பிறகு மாமா என் பக்கம் திரும்பினார். டிபன் கேரியரை வாங்குகிற சாக்கில் கிட்டே வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "தெரியுதும்மா. ஒவ்வொண்ணும் தெரியுது." நான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால் கண்ணைத் துடைத்தால் என்னவென்று கேட்பார்கள்.

மேடம் போன பிறகு, மாமாவைத் தன் அறையிலேயே சாப்பிட உட்கார வைத்த பாய்க்குத் தலைகால் புரியவில்லை. "மாஸ்டர், நாளைலேர்ந்து ஆட்டுத்தோல் செலக்‌ஷன் மறுபடியும் உங்கள்துதான். யாரு கை போச்சின்னு சொன்னாங்களோ அவுங்கள வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார். இத்தனை நாள் மாமா எதற்குப் பயந்தாரோ அது முடிந்துபோயிருந்தது. ஒரு தலையாட்டல் போதும். மாமா களியைப் பிட்டுக் குழம்பில் தொட்டவர் அப்படியே வைத்துவிட்டார். "வேணாம் பாய். ஆட்டுத்தோல் எனக்குத் தெரியல. கட்டவெரலு மரத்து ரொம்ப நாளாச்சி. இந்த மேடு பெருசா இருக்கறதால இது மட்டும்தான் தெரியுது." அறையில் நாங்கள் மூன்று பேர்தான். பாய் எழுந்து வந்து மாமாவின் கையைப் பிடித்து, அந்தக் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல மாஸ்டர்?"

"சொன்னா ஒக்கார வெச்சிருப்பீங்க."

பாய் கொஞ்சம் யோசித்தார். "ஆமா, வெச்சிருப்பேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பிறகு பாய் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, "சரி. கோழி வர்ற வரைக்கும் கோழி உங்கள்து. வேற யாரும் கை வெக்கக் கூடாது. சாப்புடுங்க, ஆறிப்போவுது" என்றார். என்னைப் பார்த்து, இது வெளியே போகாது என்கிற மாதிரி ஒரு தலையசைப்பு.

அதன் பிறகு மாமாவைப் போல நிம்மதியாக வேலைக்குப் போன ஆளை நான் பார்த்ததில்லை. ஈமுத் தோல் எப்போதாவதுதான் வரும். வந்த நாளில் காலையிலேயே கிளம்பிவிடுவார். வராத நாளில் டேனரியில் எல்லாப் பிரிவையும் சுற்றிப் பேசிவிட்டு வருவார். ஆட்டுத்தோல் செலக்‌ஷன் செய்தவர் ஏதாவது கேட்டால், "அது உன் வேல. எனக்குக் கோழி வேல இருக்குது" என்பார், கொஞ்சம் கெத்தாகவே. ஊருக்குள் அவர் கோழி மாஸ்டர் ஆகிவிட்டார். கை போனது என்ற பேச்சு தானாகவே அடங்கியது. பிறகு பண்ணைகள் ஒவ்வொன்றாக மூடின. போர்டுகள் துருப்பிடித்தன. திமிரிப் பண்ணைக்காரரும் பறவைகளை விட்டு மாட்டுக்கு மாறிவிட்டார். கடைசிக் கட்டுத் தோல் முடிந்த புதன்கிழமை, மாமா பாயிடம் அவராகவே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பாய் கார் அனுப்பியிருந்தார். மாமியார் என்னவோ ஏதோ என்று பயந்து வாசலுக்கு ஓட, இவர் காரிலிருந்து இறங்கி, காலியான டிபன் கேரியரை என்னிடம் கொடுத்து, "நாளைக்கி எனக்குக் களி கட்டாத, வீட்லதான்" என்றார்.

இப்போது அவருக்கு நல்ல வயதாகிவிட்டது. காலையில் மகளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அந்த டீக்கடை நாற்காலியில் அவரைப் பார்க்கலாம். எதிர்ப் பக்கமாகப் போவதெல்லாம் நின்றுபோய் எத்தனையோ நாளாகிறது. போன மாதம் பாய் வீட்டுப் பேரனின் நிக்காஹ். பிரியாணிப் பந்தியில் மாமாவுக்குப் பக்கத்தில் பாயும், எதிரில் ராணிப்பேட்டையிலிருந்து வந்த பழைய வியாபாரி ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். அந்த வியாபாரி மாமாவை நலம் விசாரித்துவிட்டு, கொஞ்சம் பாவமாகவே கேட்டார், "அவ்ளோ பெரிய கைக்காரரு நீங்க. ஏன் மாஸ்டர் விட்டுட்டீங்க, ஒடம்புக்கு முடியலியா?" பாய் கையில் எடுத்த கவளத்தோடு மாமாவைப் பார்த்தார். மாமா நிதானமாக எலும்பை இலை ஓரத்தில் வைத்தார்.

"ஒடம்பெல்லாம் ஜோரா இருக்குதுங்க. ஈமு வர்றது நின்னுபோச்சி, நானும் நின்னுட்டேன்."

"ஆமாமா" என்று சொல்லிவிட்டு பாய் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார்.